ஆண்டென்னா ஆய்வில் முனைவர் பட்டம்: நெல்லைப் பக்கம் இந்தத் துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

வள்ளியூர்_ஈசிஇ:

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ. தொலைத்தொடர்புப் பிரிவில் கடைசிப் பருவம் முடியப் போகிறது. "மின்காந்தவியலில் உனக்குப் பிடிப்பு இருக்கிறது, ஆண்டென்னாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொள்" என்கிறார் என் வழிகாட்டி. "செல்போன் டவரில் ஏறுவதற்கா இத்தனை வருடப் படிப்பு?" என்கிறார் மாமா. மூத்த மாணவர்கள் சொல்வதோ இரண்டும் இல்லை. மென்பொருளில் ஒரு சதுரம் வரைந்து, அதில் ஒரு வெட்டு வெட்டி, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் வளைகோடு கீழே இறங்கினால் ஒரு கட்டுரை, இன்னொரு வெட்டு வெட்டினால் இன்னொரு கட்டுரை, அவ்வளவுதான் என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்தத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? தினமும் என்ன செய்தார்கள்? சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கேயே இருந்து செய்ய முடிந்ததா?

நெல்லை_ஹாம்:

தங்கச்சி, நீங்கள் கேட்ட இடம் சரியான இடம். ஆண்டென்னா பார்க்க நம் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் இருக்கிறது. 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆழ்கடலுக்குள் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, அங்கே 1.98 மெகாஹெர்ட்ஸில் வானத்தை நோக்கும் ரேடார். நெல்லை வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் கோபுரம். அப்புறம் நம் வீட்டு மொட்டை மாடியில் ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு நான் கட்டியிருக்கும் கம்பி. கடைசியாகச் சொன்னதைத்தான் மனைவி கொடியாகப் பயன்படுத்துகிறார்.

சந்திப்பு_87:

மூத்த மாணவர்கள் சொன்னது உண்மை. நான் இதே துறையில் எம்.இ. முடித்துவிட்டு இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என்னோடு படித்தவர் ஒருவர் முனைவர் பட்டம் முடித்தார். அவருடைய ஆய்வேடு முழுக்க ஒரே தகடு. யு வடிவ வெட்டு, இ வடிவ வெட்டு, எச் வடிவ வெட்டு. அகரவரிசை தீர்ந்ததும் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தகடுகளில் ஒன்றாவது எந்தக் கருவியிலாவது ஏறியதா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். மாமாவுக்குத் துறை தெரியாமல் இருக்கலாம், உலகம் தெரிகிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

பெயர் வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரன். மின்காந்த அலைகளையும் ஆண்டென்னாவையும் கற்பித்தே ஓய்வு பெற்றவன். என் ஊரை வைத்துச் சிலர் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை, பொதுவில் சொல்லாதீர்கள்.

அரசுப் பொறியியல் கல்லூரி ஆசிரியன் வாழ்க்கை என்பது முதலில் இடமாற்ற வாழ்க்கை. சேலம், பர்கூர், காரைக்குடி, திருநெல்வேலி என்று ஊர் மாறும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆய்வகத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஓர் ஊரில் சாதனங்களைச் சீராக்கி, அதன் குணம் பிடிபட்டு, இனி அளக்கலாம் என்று உட்காரும்போது ஆணை வரும். அடுத்த ஊரில் நுண்ணலையை உண்டாக்கும் கிளிஸ்ட்ரான் குழல் செத்துக் கிடக்கும். எழுதிப் போட்டால் அடுத்த நிதியாண்டு.

தினமும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாய். பாதி நாள் இதைத்தான் செய்தேன்: எக்ஸ் பேண்ட் மேசை, அதாவது நுண்ணலையை அளக்கும் மேசை. ஒரு ரிஃப்ளெக்ஸ் கிளிஸ்ட்ரான், திரும்பும் அலையைத் தடுக்கும் ஐசொலேட்டர், சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர், அதிர்வெண் மீட்டர், நடுவில் நீளவாக்கில் கீறல் போட்ட அலைவழிக் குழாய். கீறலுக்குள் ஒரு சின்ன ஊசி இறங்கியிருக்கும். ஊசி பொருத்திய வண்டியைத் திருகு திருகி நகர்த்தும்போது மீட்டரின் முள் ஏறி இறங்கும். குழாயின் உள்ளகலம் 22.86 மில்லிமீட்டர், உயரம் 10.16. அந்த அகலத்தால் 6.557 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதுவும் அதற்குள் நுழையாது. 9.4 கிகாஹெர்ட்ஸில் வெட்டவெளியில் அலைநீளம் 31.9 மில்லிமீட்டர். குழாய்க்குள் அதே அலை 44.5 மில்லிமீட்டராக நீண்டுவிடும். முள் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குப் போக 22.3 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். மாணவன் தன் கையால் வெர்னியரில் 22.3 என்று படிக்கும் நிமிடத்தில் மாக்ஸ்வெல் எழுதிய சமன்பாடு அவனுக்குச் சொந்தமாகிவிடும். கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் அது நடக்காது. ஊசியை அதிகமாக இறக்கினால் அதுவே அலையைக் குலைத்துவிடும் என்பதையும் அந்த மேசைதான் கற்றுக்கொடுக்கும்.

ஆசிரியர்களை ஐ.ஐ.டி.க்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் அனுப்பி முனைவர் பட்டம் படிக்கவைக்கும் க்யூ.ஐ.பி. திட்டத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. அலைவழிக் குழாயின் சுவரில் கீறல்கள் வெட்டினால் அவை ஆண்டென்னாவாகும். அந்த வரிசையைக் கணக்கிட்டு வடிவமைப்பதுதான் என் ஆய்வு. ஹாரிங்டன் 1968-ல் முறைப்படுத்தித் தந்த மொமெண்ட் முறையில் கணக்கு. உலோகத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று அணியாக எழுத வேண்டும். நூறு துண்டு என்றால் பத்தாயிரம் கலப்பெண்கள். இரட்டைத் துல்லியத்தில் 160 கிலோபைட். எங்கள் கணினியின் மொத்த நினைவகம் 640. துண்டுகளை இரண்டு மடங்காக்கினால் நினைவகம் நான்கு மடங்கு, நேரம் எட்டு மடங்கு. ஆகவே கணினியில் ஏற்றுவதற்கு முன் தாளில் யோசிக்க வேண்டியிருந்தது. சமச்சீர் எங்கே இருக்கிறது, எந்த எண் இரண்டு முறை வருகிறது, எதை விட்டுவிடலாம். 1982-ல் ராவ், வில்டன், கிளிஸன் மூவரும் எந்த வடிவ உலோகப் பரப்பையும் முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழியைத் தந்தார்கள். முதலாமவர் நம் நாட்டுக்காரர், சதாசிவ ராவ். இன்று நீங்கள் பொத்தானை அழுத்தும் சில மென்பொருள்களுக்குள் அந்த முக்கோணங்கள்தான் ஓடுகின்றன.

கணக்கு முடிந்தால் பொருள் வேண்டுமே. திரும்பி வந்தபின் நான் போய் நின்றது பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. அந்த மில்லிங் மெஷின்காரர் பம்ப் உதிரிகள் கடைபவர். பித்தளைக் குழாயில் 16 மில்லிமீட்டர் நீளத்தில் கீறல்கள் வேண்டும், ஒன்று மையக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம், இடைவெளி 22.3 என்றேன். "எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம்?" என்று கேட்டார். அதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த வாய்மொழித் தேர்விலும் நான் சந்திக்கவில்லை. நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் பிசகினால் ஒத்ததிர்வு சுமார் 60 மெகாஹெர்ட்ஸ் நகரும். கணக்குப் போட்டுச் சொன்னேன். முதல் குழாயில் கீறலின் விளிம்பில் பிசிறு நின்றது. ஊசி அரத்தால் அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்த வளைகோடுகள் இரண்டையும் அவரிடம் காட்டினேன். பிறகு அவர் என்னிடம் கூலி பேசுவதை நிறுத்திவிட்டார்.

நெல்லை_ஹாம்:

சார், இந்த ஒரு பதிவுக்காகவே இந்த மன்றத்தில் கிடக்கலாம். பேட்டைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது கணினி மில்லிங்.

சந்திப்பு_87:

நன்றாக எழுதுகிறீர்கள் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அது பித்தளைக் காலம். இன்றைக்கு அந்தப் பெண் பதியப்போவது வேறு உலகத்தில். வழிகாட்டிக்கு வருடத்துக்கு இத்தனை கட்டுரை என்று இலக்கு. மாணவிக்கு இத்தனை கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அரசுச் சம்பளத்தில் இருந்தவருக்கு ஊசி அரத்துக்கு நேரம் இருந்தது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தம்பி, நேரம் இருந்தது என்பது உண்மை. வெட்டுக் கட்டுரைகள் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மை. கடைசிப் பத்தாண்டுகளில் மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. எதனால் என்று மட்டும் சொல்கிறேன்.

எஸ்11 என்ற ஒற்றை வளைகோட்டை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது சொல்லும். மைனஸ் 30 டெசிபல் வந்துவிட்டது, அருமையான ஆண்டென்னா என்று எழுதுகிறார்கள். ஐம்பது ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் அதே மைனஸ் 30 வரும். அது ஒரு துளியும் வீசாது, சூடாகும். திரும்பி வராத சக்தி வானத்துக்குப் போனதா, பலகைக்குள் வெந்ததா என்பதுதான் கேள்வி. எஃப்.ஆர்.4 என்ற மலிவான கண்ணாடியிழைச் சுற்றுப்பலகையில் இழப்புக் கெழு 0.02 அளவில் இருக்கும். 1.6 மில்லிமீட்டர் பலகையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாதாரண பேட்ச், அதாவது பலகை மேல் செப்புத் தகடாக இருக்கும் ஆண்டென்னா, செய்தால் ஏறத்தாழப் பாதி சக்தி பலகையிலேயே தீர்ந்துவிடலாம். கட்டுரையில் எஸ்11 மட்டும் போட்டால் அந்தப் பாதி யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று. அந்தப் பலகையின் மின்காப்பு மாறிலி 4.4 என்று மென்பொருளில் நிரப்புகிறீர்கள். கடையில் வாங்கிய பலகை 4.6 ஆக இருக்கும். அதிர்வெண் அதன் வர்க்கமூலத்துக்கு எதிராகப் போகும், ஆகவே 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கீழே இறங்கும். வைஃபை அலைக்கற்றையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். திரையில் நடுவில் உட்கார்ந்திருந்த ஆண்டென்னா மேசையில் ஓரத்துக்குப் போய்விடும். செய்து அளந்தவனுக்கு இது முதல் வாரமே தெரியும். செய்யாதவன் தன் பெயரில் கட்டுரைகளை அடுக்கிய பிறகும் தெரியாமலே இருக்கலாம்.

நான் என் ஆய்வு மாணவர்களுக்கு ஒரே விதி வைத்திருந்தேன். திரையின் வளைகோடும் மேசையின் வளைகோடும் ஒரே தாளில் இல்லாமல் என் அறைக்குள் வரக் கூடாது. இரண்டும் அச்சாகப் பொருந்தி வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சிலர் வேறு வழிகாட்டியிடம் போனார்கள். போனவர்கள் சீக்கிரம் முடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலைநேர_பஸ்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தனியார் பொறியியல் கல்லூரியில் பணியாற்றுகிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். ஆண்டென்னாவில்தான் முனைவர் பட்டம். பெரியவர் சொன்னதிலும் சென்னைத் தம்பி சொன்னதிலும் பொய் இல்லை, ஆனால் இருவருமே என் நாளைப் பார்த்ததில்லை.

காலையில் கல்லூரிப் பேருந்து. மூன்று பாடவேளை, ஓர் ஆய்வக வகுப்பு. மீதி நேரம் அங்கீகாரக் குழுவுக்கான கோப்புகள். போன வருடம் எடுத்த வகுப்புக்கு இந்த வருடம் சான்று தயாரிக்கும் வேலை. பிளஸ் டூ முடிவு வந்தால் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போக வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் மகனை ஈ.சி.ஈ.யில் சேருங்கள்" என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்களுக்கு எவ்வளவு சம்பளம் தருகிறார்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். நான் வேறு விஷயம் பேசினேன். இதற்கு நடுவே வருடாந்திரக் கட்டுரை இலக்கு. அந்த இலக்கை எட்ட நானும் வெட்டு வெட்டியிருக்கிறேன். ஈ.எம்.ஐ. கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் மின்காந்தவியல் வகுப்பு எடுப்பதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மற்றவர்கள் தள்ளிவிடும் பாடம் அது. எனக்குச் சண்டையில்லாமல் கிடைக்கிறது. தங்கச்சி, உதவித்தொகை இல்லாமல் பகுதிநேரமாகப் பதியாதே. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இருந்தால் வீட்டில் யார் வாயையும் பார்க்க வேண்டியதில்லை. இல்லாமல் சேர்ந்தால் எனக்கு நடந்ததுதான் உனக்கும்.

சந்திப்பு_87:

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றி.

மட்டுறுத்துநர்:

எந்தக் கல்லூரி உயர்ந்தது என்ற தலைப்பில் வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளலாம்.

வள்ளியூர்_ஈசிஇ:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறேன். பெரிய நிறுவனங்களில், சுவரில் பட்டு அலை திரும்பாத எதிரொலியற்ற அறை இருக்கிறது. இங்கே இல்லை. அது இல்லாமல் நீங்கள் கதிர்வீச்சு வடிவத்தை, அதாவது எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்பதை, எப்படி அளந்தீர்கள்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

மொட்டை மாடியில்தான். அதற்கும் கணக்கு உண்டு. ஆண்டென்னாவின் அகலத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் எவ்வளவு தூரத்தில் நின்று அளக்க வேண்டும் என்று வரும். என் கீறல் வரிசைக்கு அது மூன்று மீட்டர்தான், வகுப்பறையே போதும். ஒரு திட்டத்துக்காக 1.2 மீட்டர் தட்டு ஆண்டென்னா வந்தது. அதற்குத் தொண்ணூறு மீட்டர் வேண்டும். ஒரு கட்டடத்தின் மாடியில் அலையை அனுப்பும் கருவி, எதிர்க் கட்டடத்தின் மாடியில் தட்டைத் திருப்பும் மேசை. நடுவில் தரையில் பட்டுத் திரும்பும் அலை கெடுக்காமல் இருக்க உயரம் வேண்டும், அதனால்தான் மாடி.

எங்களைக் கெடுத்தது காற்று. அந்தத் தட்டின் கதிர்க்கற்றை இரண்டு டிகிரிகூட அகலமில்லை. ஒரு டிகிரி அசைந்தால் பாதிச் சக்தி காணாமல் போகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று உங்களுக்குத் தெரியும். முக்காலியின் கால்களில் மணல் மூட்டை கட்டினோம். தட்டு பாய்மரம் போல இழுத்தது. தாளில் வந்த வளைகோட்டில் பக்கக் கதிர்கள் எங்கே, காற்று எங்கே என்று பிரிக்க முடியவில்லை. தையிலும் மாசியிலும் அளப்பது என்று முடிவு செய்தோம். பல்கலைக்கழக நாட்காட்டிக்கு இது புரியாது.

சென்னையில் மத்திய அரசின் சமீர் ஆய்வு மையத்தில் நல்ல அளவீட்டு வசதி இருக்கிறது. கட்டணம் கட்டி நேரம் வாங்கலாம். கடைசி அளவீட்டுக்கு அங்கே போ. அதற்கு முந்தியவற்றை இங்கேயே முடித்துக்கொண்டு போ. இல்லையென்றால் அங்கே போய் இணைப்பி தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பாய்.

கயத்தாறு_காற்றாலை:

எங்கள் காற்றை இப்படித் திட்டுகிறீர்கள்! நான் காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளன். எனக்கும் ஒரு சந்தேகம். இறக்கைகள் ரேடாரைக் குழப்பும் என்கிறார்கள். இறக்கை கண்ணாடியிழைதானே, உலோகம் இல்லையே?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

கண்ணாடியிழைக்குள் இடிதாங்கிக் கம்பி ஓடுகிறதே, அது என்ன? இழையும் அலையைச் சிதறடிக்கும். ஆனால் சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில். இறக்கை நுனி வினாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அது 1600 ஹெர்ட்ஸ் டாப்ளர் பெயர்ச்சி, அதாவது வேகத்தால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம். நிற்பதை எல்லாம் மலை, கட்டடம் என்று தள்ளிவிட்டு, நகர்வதை மட்டும் காட்டும்படிதான் ரேடார் கட்டப்பட்டிருக்கிறது. கோபுரம் நிற்கிறது, தள்ளிவிடும். இறக்கை பறக்கிறது, காட்டிவிடும். காற்றாலைகள் இவ்வளவு அடர்ந்த ஊரில் இதை ஆராய ஏன் ஆளில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் முன்மொழிவு எழுதினேன், ஓய்வு முந்திக்கொண்டது. அம்மா வள்ளியூர், உனக்குத் தலைப்பு வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து பார்.

இன்னும் சொல்கிறேன். நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறோம். விசைக்கோடுகள் இங்கே தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். 1963-ல் முதல் ராக்கெட் பறந்த தும்பாவை அதற்குத் தேர்ந்தெடுத்ததற்கும் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வந்ததற்கும் காரணம் ஒன்றே. பகலில் நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. சூரியன் விழுந்தபின் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும். ஜி.பி.எஸ். சிக்னல் அப்போது நடுங்கும். இடம் காட்டும் நம் நாவிக் செயற்கைக்கோள்கள் 1176.45 மெகாஹெர்ட்ஸிலும் 2492.028 மெகாஹெர்ட்ஸிலும் அனுப்புகின்றன. மேலதிர்வெண் குறைவாக நடுங்கும். இரண்டையும் ஒரே மாடியில் ஒரே நேரத்தில் வாங்கப் பொருத்தமான ஆண்டென்னா செய்து, மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாலை வேளைகளில் பதிவு செய்தாலே ஓர் ஆய்வேட்டுக்கான பொருள் சேரும். இதற்கு வடக்கே போனால் இந்தக் குமிழிகளை இவ்வளவு அருகில் பார்க்க முடியாது.

முத்துநகர்:

எங்கள் தூத்துக்குடிக் கரையில் எண்பதுகளில் இலங்கை ரூபவாஹினி தெரியும். கம்பிகள் வரிசையாக நிற்கும் நீண்ட யாகி ஆண்டென்னா, பூஸ்டர், அதைத் திருப்ப ஓர் ஆள் மாடியில். சில மாலைகளில் கண்ணாடி போல விழும், மறுநாள் வெறும் புள்ளி. கொழும்புக்காரன் சக்தியைக் கூட்டிக் குறைக்கிறான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

சக்தி மாறவில்லை, வானிலை மாறியது. தரையிலிருந்து போகும் சூடான வறண்ட காற்று மன்னார் வளைகுடாவின் ஈரமான காற்றின் மேல் பரவும்போது, உயரத்துக்கு உயரம் ஒளிவிலகல் எண் வேகமாகக் குறையும். அலை மேலே தப்பிப் போகாமல் கடலை ஒட்டி வளைந்து வரும். நீங்கள் சொல்லும் அந்த யாகி 1926-ல் ஜப்பானில் உடாவும் யாகியும் செய்தது. என் மாணவர்களில் கடற்கரைப் பையன்களுக்கு அதன் முன்கம்பி, பின்கம்பிக் கணக்கைச் சொல்லித்தரவே வேண்டியிருக்காது.

நெல்லை_ஹாம்:

வாத்தியார் சார், விஜயநாராயணத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அது எவ்வளவு ஆழம் போகும்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நீங்கள் ஆழ்கடல் என்று எழுதியதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. கடல்நீர் நல்ல கடத்தி. 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு 1.86 மீட்டருக்கும் அலையின் வீச்சு 37 விழுக்காடாகச் சுருங்கும். பத்து மீட்டர் இறங்கினால் இருநூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே கப்பல் மேலே வர வேண்டும், அல்லது மிதவையையோ நீண்ட கம்பியையோ மேலே விட வேண்டும். நெல்லை வானொலியின் 1197-ல் அந்த அளவு 23 சென்டிமீட்டர்தான்.

அங்கே உயரமான கோபுரங்கள் 471 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனால் அலைநீளம் பதினாறரைக் கிலோமீட்டர். அதன் முன்னால் அந்தக் கோபுரம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, ஒரு குட்டை ஆண்டென்னா. குட்டை ஆண்டென்னாவின் கதிர்வீச்சுத் தடை மிகச் சிறியது, ஆகவே மண்ணின் தடையிலும் சுருளின் தடையிலும் சக்தி விழுந்துவிடாமல் காப்பதுதான் இத்தகைய நிலையங்களின் பொறியியல் முழுவதும். அலைக்கற்றையும் ஒடுங்கிவிடும், குரல் போகாது, மெதுவாகச் சில எழுத்துகள்தான் போகும். கேட்ட கப்பல் அந்த வழியில் பதில் சொல்லவும் முடியாது. கைபேசிக்குள் ஆண்டென்னாவைச் சுருக்குகிறவனுக்கு இருக்கும் அதே தலைவலிதான் இது. அங்கே மில்லிமீட்டர், இங்கே கிலோமீட்டர்.

வள்ளியூர்_ஈசிஇ:

முடிவு செய்வதற்கு முன் என் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்கப் போகிறேன். அளவீட்டுக் கட்டணத்தை யார் கட்டுவார்கள்? நான் செய்து அளந்தது கணக்கோடு பொருந்தாவிட்டாலும் அதைக் கட்டுரையில் போட விடுவாரா? மாமாவுக்கு இன்னும் பதில் இல்லை.

மேலே ஐயா சொன்ன, பலகைக்குள் வேகும் பாதியை வீட்டிலிருந்து அளக்க வழி உண்டா? கல்லூரியில் எஃப்.ஆர்.4 பேட்ச் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், 2.4 கிகாஹெர்ட்ஸ்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

மாமாவிடம் சொல்: பெங்களூரில் ரேடார் ஆய்வகம், அகமதாபாத்தில் இஸ்ரோவின் மையம், கைபேசி நிறுவனங்கள், கார் ரேடார் செய்பவர்கள், மின்காந்தக் குறுக்கீட்டைச் சோதிக்கும் கூடங்கள். யாரும் டவரில் ஏறச் சொல்வதில்லை. வெறும் திரை வளைகோட்டோடு போனால் இவர்களில் யாரும் எடுப்பதுமில்லை.

வீட்டில் அளக்கலாம். வீலர் 1959-ல் சொன்ன வழி. ஆண்டென்னாவை ஓர் உலோகச் சம்படத்தால் கவிழ்த்து மூடு. திறந்திருக்கும்போது உள்ளே போகும் சக்தி கதிர்வீச்சுக்கும் இழப்புக்கும் சேர்த்து. மூடினால் கதிர்வீச்சு நின்றுவிடும், இழப்பு மட்டும் மிஞ்சும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வானத்துக்குப் போனது எவ்வளவு என்று கிடைக்கும். பேட்ச் இணைச்சுற்றுப் போல நடந்துகொள்ளும், ஆகவே மின்தடைக்குப் பதிலாக அதன் தலைகீழான கடத்தத்தை வைத்துக் கணக்குப் போடு. சம்படத்தின் உயரம் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும்.

சம்படத்தின் விட்டத்தைக் கவனி. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டச் சம்படம் தானே 2.3 கிகாஹெர்ட்ஸ் அருகில் ஒத்ததிரும். உன் ஆண்டென்னாவை அளக்கிறேன் என்று சம்படத்தை அளந்துகொண்டிருப்பாய். ஏழு சென்டிமீட்டர் என்றால் அது 3.3-க்குப் போய்விடும், தொந்தரவில்லை. உன் பேட்ச் ஏறக்குறைய 38-க்கு 29 மில்லிமீட்டர் இருக்கும், அதற்குள் அடங்கும். எவர்சில்வர் வேண்டாம், அதன் தடை அதிகம், பழி பலகை மேல் விழும். பித்தளை அல்லது செம்பு. விளிம்பு தரைத்தகட்டோடு சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும், இடுக்கு இருந்தால் அதன் வழியாக அலை கசியும்.

மாலைநேர_பஸ்:

என்னிடம் எஸ்11 அளக்கும் சின்னக் கருவி, 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் நானோ வி.என்.ஏ. இருக்கிறது, சொந்தக் காசில் வாங்கியது. சனிக்கிழமை பிற்பகல் பாளையங்கோட்டைக்கு வர முடியுமானால் சேர்ந்தே பார்க்கலாம். கேபிளின் முனையில் வைத்து அளவுதிருத்தம் செய்ய வேண்டும், கருவியின் வாயில் செய்தால் கேபிளும் கணக்கில் வந்துவிடும்.

நெல்லை_ஹாம்:

நானும் வருகிறேன். டவுனில் பாத்திரக் கடையில் ஏழு சென்டிமீட்டர் பித்தளைச் சம்படம் கேட்டேன், ஆறரை இருக்கிறது என்கிறார். வாங்கலாமா சார்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

வாங்குங்கள். 3.5-க்குப் போகும், இன்னும் நல்லது. மூடி வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறையுங்கள்.